நட்டண்ணாவும் ஒன்பதின் வாலும்

புனேயில் இருக்கும் தமிழர்களை எல்லாம் ஒரு மைதானத்தில் நிறுத்தி, "உங்களில் யாரோடு அரை மணி நேரம்கூட உட்கார முடியாது?" என்று ஓட்டெடுத்தால் நட்டண்ணாதான் ஜெயிப்பார். அமோகமாக ஜெயிப்பார். ஜெயித்த கையோடு ஓட்டுப்பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, "இதுல மூணு ஸ்க்ரூ லூசா கீது, எலெக்‌ஷன் செல்லாது, திரும்பி நடத்து" என்று சொல்லிவிட்டுப் போவார்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த மனிதரோடு ஆறு வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவள் நான். எனக்கு முதல் நரைமுடி வந்த தேதியும் அவர் என்னுடைய முதல் பெட்டியைத் திருப்பி அனுப்பிய தேதியும் ஒன்றுதான்.

புனேயை ஒட்டிய போசரியில் எங்கள் தொழிற்சாலை. பெரிய பெரிய இரும்புத் தகடுகளை வெட்டி, துளை போட்டு, தூண்களும் உத்திரங்களுமாகச் செய்து அனுப்புவோம். அங்கே நான் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட். வெல்டிங் ராடிலிருந்து டீத்தூள் வரை எது உள்ளே வந்தாலும் ஆர்டர் போடுவது நான். நட்டண்ணா குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நான் வாங்குவதை எல்லாம் வேண்டாம் என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்கியவர்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கும் அது புழங்கவில்லை. மராட்டித் தொழிலாளிகளுக்குத் தெற்கிலிருந்து வந்த எந்த ஆணும் 'அண்ணா'. எந்நேரமும் நட்டும் போல்ட்டுமாகத் திரிகிற அண்ணா என்பதால் 'நட் அண்ணா' என்றார்கள். அந்தப் பெயருக்கு இங்கிலீஷில் கிறுக்கன் என்று இன்னொரு பொருளும் உண்டு என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். ஆபீசில் இருந்த நாலைந்து தமிழர்கள் அதை ஒட்டிச் சேர்த்து நட்டண்ணா ஆக்கினோம். மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார்.

ஆறடி உயரம், ஒட்டடைக்குச்சி உடம்பு. கேன்டீனில் சாப்பிடும்போதுகூடத் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி. பேன்ட்டின் பின்பாக்கெட்டில் ஒரு குட்டிச் சுத்தி. அந்தச் சுத்தியோடு நாற்காலியில் எப்படி உட்காருகிறார் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து புனேக்கு வேலைக்கு வந்து கட்கியிலேயே தங்கிவிட்ட குடும்பம் அவருடையது. அவர் தமிழில் இந்தி, மராட்டி எல்லாம் ஒன்றாகக் கொதிக்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நான் கோயம்புத்தூர்க்காரி. எங்கள் ஊரில் வாசலில் வரும் மாட்டைக்கூட "போங்க" என்றுதான் சொல்வோம். இந்த மனிதர் முதல் நாளே என்னைப் பார்த்து, "மேடம், நீ தான் புது பர்ச்சேஸா?" என்றார்.

மேடம், நீ! இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்க எவருக்காவது மனசு வருமா?

அந்த வாரமே முதல் சண்டை. மூன்று தகடுகளை ஒன்றாகச் சேர்த்து முடுக்க போல்ட் கேட்டிருந்தார்கள். நடுவில் முப்பத்திரண்டு மில்லிமீட்டர் தகடு, மேலும் கீழும் இருபது இருபது. கூட்டினால் எழுபத்திரண்டு. நான் புத்திசாலித்தனமாக நூறு மில்லிமீட்டர் நீள போல்ட் வாங்கி வைத்தேன். இருபத்தெட்டு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறதே, போதாதா?

மத்தியானம் பெட்டி என் மேஜைக்குத் திரும்பி வந்தது. பின்னாலேயே அவரும் வந்தார்.

"மேடம், இது இன்னா?"

"போல்ட்டுங்க."

"போல்ட்டு இல்ல இது. குண்டூசி." என் மேஜைமேல் இருந்த மூன்று ஃபைல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "தகடு, தகடு, தகடு. ஆச்சா? இந்தப் பக்கம் ஒரு வாஷர், அந்தப் பக்கம் ஒரு வாஷர். ஆச்சா? அப்பால நட்டு. அதுவே ஒரு இஞ்ச் கீது. நட்டுக்கு வெளியில ரெண்டு மூணு சுத்து எட்டிப் பாக்கணும். எட்டிப் பாத்தாதான் முழுசா புடிச்சிக்கீதுன்னு நமக்கு மாலும் ஆவும், தெரியும். உள்ளயே ஒளிஞ்சிக்கினா நாளைக்கி யாரு ஜவாப் சொல்றது, நீயா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த தடவை குறையே சொல்லக்கூடாது என்று நூற்றைம்பது மில்லிமீட்டர் வாங்கினேன். அதுவும் திரும்பி வந்தது. போல்ட்டில் மரை நுனியில் கொஞ்ச தூரம்தான் இருக்குமாம், மீதி வழவழப்பான கம்பியாம், நட்டு மரை முடிகிற இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்குமாம், தகடு மூன்றும் தளர்வாக ஆடிக்கொண்டிருக்குமாம்.

"வெளிய பாத்தா டைட்டா தெரியும். உள்ள புடிமானமே இருக்காது. நம்ம சாகேப் மாதிரி."

சாகேப் என்றால் எங்கள் முதலாளி. அவர் அப்போது எங்களுக்கு இரண்டடி பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது.

மூன்றாவது தடவை நூற்றிப்பத்து. அளவு சரி. ஆனால் பெட்டி திரும்பி வந்தது. இந்தத் தடவை வாஷர் சாதா வாஷராம், கெட்டிப்படுத்தின வாஷர் வேண்டுமாம். நீங்களே சொல்லுங்கள். முதல் தடவையே மூன்றையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தால் என்ன? கேட்டேன்.

"நீ கேக்கலியே" என்றார்.

ஆபீசில்தான் இந்த அட்டூழியம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் அக்கவுண்ட்ஸில் வேலை பார்த்த தமிழர் ஒருவர் வானவடியில் புது ஃப்ளாட் வாங்கினார். கிரகப்பிரவேசத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டார். நட்டண்ணாவையும் கூப்பிட்டார், பாவம். ஹாலில் தேக்கு ஊஞ்சல். அதில் வீட்டுக்காரரின் மாமனார் பட்டு வேஷ்டியோடு கம்பீரமாக ஆடிக்கொண்டிருந்தார். நட்டண்ணா வந்தார். வாசலில் பன்னீர் தெளித்ததைக்கூடக் கவனிக்காமல் நேரே கூரையைப் பார்த்தார். ஊஞ்சல் கொக்கியைப் பார்த்தார்.

"பெரியவரே, எறங்கு."

"ஏன்?" என்றார் மாமனார்.

"எறங்கு சொல்றேன். மேல இன்னா போட்டிருக்கான்னு தெரியாது. உன் வெயிட்டு இன்னா?"

சம்பந்தி வீட்டார் முன்னால் ஒரு மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? ஸ்டூல் கொண்டுவரச் சொல்லி ஏறினார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். சுத்தியால் டங் டங் என்று தட்டினார். புது பெயின்ட் உதிர்ந்து மாமனாரின் பட்டு வேஷ்டியில் விழுந்தது. இருபது நிமிஷம் அந்த வீட்டில் யாரும் காபி குடிக்கவில்லை. பிறகு இறங்கி வந்து, "டீக் கீது, நல்லா கீது. யானைய ஒக்கார வெக்கலாம்" என்றார்.

ஊஞ்சலில் ஒரு குறையும் இல்லை! அதுதான் எனக்கு ஆத்திரம். இத்தனை ரகளை பண்ணுகிறவர் குறைந்தபட்சம் ஒரு குறையாவது கண்டுபிடிக்க வேண்டாமா? மன்னிப்பும் கேட்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் அவரைத் தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் நாலு இலை தள்ளியிருந்து, "மேடம்! அந்த நூத்திப்பத்து வந்திச்சா?" என்று கத்தினார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் ஒன்பதின் வாலைப் பிடித்துக்கொண்டார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

புனேக்கு வடக்கே சாக்கனில் ஒரு கம்பெனிக்காக ராட்சத உத்திரம் ஒன்று செய்துகொண்டிருந்தோம். அதன்மேல் கிரேன் ஓடும். கிரேன் ஐம்பது டன் தூக்கும். கீழே ஆட்கள் வேலை செய்வார்கள். உத்திரத்தின் நீளத்துக்கு லாரி போதாது என்பதால் இரண்டு துண்டாக அனுப்பி அங்கே போய் இணைக்க வேண்டும். அதே தடித் தகடுகள், அதே எழுபத்திரண்டு மில்லிமீட்டர். இணைப்புக்கு நாற்பத்தெட்டு போல்ட்.

"மெல்லிசு தகடு போல்ட்டு சொன்னா கேக்கும், வளைஞ்சி குடுக்கும்" என்பார் நட்டண்ணா. "தடி தகடு கேக்காது. அது நிக்கிற எடத்துலயே நிக்கும். அத்த அமுக்கிப் புடிக்கிற போல்ட்டு அத விட முரடா இருக்கணும்."

முரட்டு போல்ட் எது என்பதற்கு அதன் தலையிலேயே எண் இருக்கும். 10.9 என்று பொறித்திருந்தால் உசத்தி ரகம். முன்னால் உள்ள எண் எவ்வளவு இழுத்தால் அறும் என்பதற்கு, பின்னால் உள்ளது எந்தக் கட்டத்துக்கு மேல் இழுத்தால் நீண்டுபோய் அப்படியே நின்றுவிடும் என்பதற்கு. இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஆறு வருஷம் காதில் போட்டு அரைத்தால் உங்களுக்கும் தெரியும்.

வழக்கமாகக் கொடுக்கிறவரிடம் அந்த அளவு கைவசம் இல்லை. ஆறு வாரம் ஆகும் என்றார். சாகேப் குதித்தார். நான் அலைந்து திரிந்து ஒரு புது டீலரைப் பிடித்து நாலே நாளில் போல்ட்டை இறக்கினேன். சர்டிஃபிகேட் உண்டு. அளவு சரி. நீளம் நூற்றிப்பத்து. வாஷர் கெட்டி வாஷர். ஒவ்வொரு தலையிலும் 10.9 என்று அழகாகப் பொறித்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, இந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்ப அந்த மனிதருக்கு ஒரு காரணமும் கிடைக்காது என்று நிம்மதியாக டீ குடித்தேன்.

டீ பாதி குடிக்கும்போது வந்தார். உள்ளங்கையில் இரண்டு போல்ட்.

"மேடம், இந்த ஒம்போதப் பாரு. இப்போ இந்த ஒம்போதப் பாரு."

பார்த்தேன். ஒன்பது. ஒன்பது.

"வால் பாத்தியா? இதுக்கு வால் குட்டையா கீது. அதுக்கு நீளமா உள்ள வளைஞ்சிக்கினு கீது."

"அதனால என்னங்கண்ணா?"

"ஒரே கம்பெனி, ஒரே பேட்ச், ஒரே சர்ட்டிபிகேட். அப்போ ஒரே அச்சு. ஒரே அச்சுல எப்படி ரெண்டு வால் வரும்? ரெண்டு எடத்து மாலு கலந்துக்கீது. நக்கோ. ரிஜெக்ட்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "ஏனுங்கண்ணா, உங்களுக்கு மனசாட்சியே இல்லீங்களா? எழுத்து நல்லா இல்லைன்னு போல்ட்டை வேண்டாம்ங்கறீங்க! இது என்ன ஸ்கூல் காப்பி நோட்டுங்களா?"

"டெஸ்ட் பண்ணு. லேப்ல குடுத்து இழுத்துப் பாரு. நல்லா வந்தா நான் சைன் பண்றேன்."

டெஸ்ட் என்றால் ஒரு வாரம். வண்டி அன்று சாயங்காலம் கிளம்ப வேண்டும். விஷயம் சாகேப்பிடம் போனது. சாகேப் இரண்டு போல்ட்டையும் பார்த்தார், நட்டண்ணாவைப் பார்த்தார். ஒன்பதின் வாலுக்காகச் சரக்கை நிறுத்துகிற ஆளை மகாராஷ்டிராவிலேயே பார்த்ததில்லை என்று மராட்டியில் கத்தினார். ஷெட் முழுக்கச் சிரித்தது. சாகேப்பே கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்பினார். நட்டண்ணாவை அன்றிலிருந்து பெயின்ட் ஷெட்டுக்கு மாற்றினார். காய்ந்த பெயின்ட் எத்தனை மைக்ரான் தடிமன் என்று அளக்கிற வேலை.

இந்த இடத்தில் நான் செய்த ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அன்றைக்கு உட்கார்ந்து அவர்மேல் ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். அத்தனை வருஷத்து ஆத்திரம். வேண்டுமென்றே வேலையைத் தடுக்கிறார், பெண் ஊழியரை மரியாதையில்லாமல் பேசுகிறார், இவரை நிரந்தரமாக இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டு, அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் என் மேஜைக்கு முன்னால் நிற்கிறார். உடம்பெல்லாம் சாம்பல் நிற பெயின்ட் தூள். கையில் அதே போல்ட்.

"டெஸ்ட் பண்ணியா?"

அதற்கு அடுத்த நாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும். காலை ஒன்பதரைக்கு டாணென்று. கெஞ்சவில்லை, சண்டை போடவில்லை. "டெஸ்ட் பண்ணியா?" இல்லை என்று தலையாட்டினால் போய்விடுவார். எட்டாவது நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டோரில் மிச்சம் இருந்த பெட்டியிலிருந்து குட்டை வால் இரண்டு, நீள வால் இரண்டு எடுத்துக்கொண்டு பிம்ப்ரியில் ஒரு சோதனைக் கூடத்துக்கு நானே போய்க் கொடுத்தேன். அவர்மேல் நம்பிக்கை வைத்தெல்லாம் இல்லை. அந்த ரிப்போர்ட்டை அவர் மூஞ்சிக்கு நேராக நீட்ட வேண்டும் என்பதற்காக.

சனிக்கிழமை மத்தியானம் ரிப்போர்ட் வாங்கப் போனேன். குட்டை வால் இரண்டும் நன்றாகத் தாங்கியிருந்தன. நீள வால் இரண்டும் முக்கால்வாசி இழுப்பிலேயே அறுந்து போயிருந்தன. அறுந்த துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள்.

என்ன அநியாயம் பாருங்கள். கிரகப்பிரவேசத்தில் வீணாகச் சந்தேகப்பட்ட மனிதர், இதில் சரியாகச் சொல்லித் தொலைத்திருக்கிறார்!

அன்று மூன்று மணிக்குச் சாக்கனில் கிரேன் சோதனை. முழு எடையைத் தொங்கவிட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டிப் பார்ப்பார்கள். சாகேப்புக்குப் போன் போட்டேன். தில்லியிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தார், போன் அணைந்திருந்தது. சைட் இன்ஜினீயர் அவினாஷுக்குப் போட்டேன். அவர், "மேடம், பூஜைக்கு ஆள் வந்தாச்சு, கம்பெனி பெரியவர்கள் வந்தாச்சு. ரிப்போர்ட்டைத் திங்கட்கிழமை மெயில் பண்ணுங்கள்" என்று இந்தியில் சொல்லி வைத்துவிட்டார்.

ஸ்கூட்டியை நேரே பெயின்ட் ஷெட்டுக்கு விட்டேன். நட்டண்ணா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போய்க்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் பையை நீட்டினேன். வெளியே எடுத்துப் பார்த்தார். என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? 'பாத்தியா, நான் சொன்னேன்ல' என்றா?

"நாலு தானா எடுத்தே? எட்டாச்சும் எடுக்க வேணாமா?"

அந்த அவசரத்திலும் எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

"வண்டியில ஏறுங்கண்ணா! மூணு மணிக்கு டெஸ்டுங்க!"

அப்போதுதான் அவர் முகம் மாறியது. டப்பாவை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினார். மோஷி வழியாகச் சாக்கன் ரோடு. லாரிகளுக்கு நடுவில் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறேன். இவர் பின்னாலிருந்து, "உன் சைடு கண்ணாடி நட்டு லூசு, ஆடுது" என்கிறார்.

போய்ச் சேர்ந்தபோது மூன்றடிக்கப் பத்து நிமிஷம். தேங்காய் உடைத்தாகிவிட்டது. கிரேனுக்கு மாலை போட்டிருந்தார்கள். கான்கிரீட் கட்டிகளைக் கொக்கியில் மாட்டித் தயாராக வைத்திருந்தார்கள். அவினாஷ் ரிப்போர்ட்டைப் பார்த்தார். முகம் வெளிறியது. ஆனாலும், "உங்கள் முதலாளி சொன்னால் நிறுத்துகிறேன். நீங்கள் சொல்லி நிறுத்த முடியாது" என்றார். அவருக்குப் பின்னால் கோட்டுப் போட்ட நாலு பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நட்டண்ணா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். உத்திரத்தின் நடுவில், அந்த நாற்பத்தெட்டு போல்ட் இருக்கிற இணைப்புக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்தார். சாப்பிட ஆரம்பித்தார்.

"நட் அண்ணா, எழுந்திருங்கள்! அங்கே உட்காரக் கூடாது!" என்று அவினாஷ் கத்தினார்.

"கரெக்ட்" என்றார் நட்டண்ணா இந்தியில். "கீழே ஆள் இருந்தால் லோடைத் தூக்கக் கூடாது. ரூல். நீ தூக்காதே."

அவினாஷ் செக்யூரிட்டிகளைக் கூப்பிட்டார். இரண்டு பேர் வந்தார்கள். இந்த ஒட்டடைக்குச்சியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போக அவர்களுக்கு எவ்வளவு நேரமாகும்? எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. அங்கே கிடந்த ஒரு கிரீஸ் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். முதல் தடவையாகக் கட்டிய சந்தன நிறக் காட்டன் புடவை. கிரீஸ் கறை இன்றைக்கும் போகவில்லை. பெண்பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் செக்யூரிட்டிகள் நின்றுவிட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

தலைக்கு மேலே அந்த உத்திரம். அதுவரை பேப்பரில்தான் பார்த்திருக்கிறேன். அண்ணாந்து பார்த்தேன்.

"விழுந்துடுங்களாண்ணா?"

"லோடு இல்லாம விழாது. ஒக்காரு." டப்பா மூடியில் சப்பாத்தி ஒன்றை வைத்து என் பக்கம் நீட்டினார். "பட்டாணி. சாப்டு."

"எனக்கு வேண்டாங்க."

"மத்தியானம் சாப்ட்டியா?"

சாப்பிடவில்லை. பேசாமல் வாங்கிச் சாப்பிட்டேன். சாக்கனில், கிரேனுக்கு அடியில், கோட்டுப் போட்ட நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கிரீஸ் வாளியில் உட்கார்ந்து பட்டாணிக் குருமா. என் அப்பா பார்த்தால் என்ன சொல்வார்?

அப்போதுதான் சொன்னேன். "அண்ணா, உங்கமேல நான் ஒரு லெட்டர் எழுதினேனுங்க."

"மாலும். ஆபீஸ்ல லெட்டர் காப்பி குடுத்தாங்க." சப்பாத்தியை மென்றுகொண்டே மேலே போல்ட் வரிசையைப் பார்த்தார். "ரெண்டாவது பக்கத்துல போல்ட்டு சைஸு இருபதுன்னு எழுதிக்கீற. இருபத்தி நாலு. தப்பு. சேப்பு பேனால திருத்தி திருப்பி அனுச்சிட்டேன்."

அவ்வளவுதான். இரண்டு பக்கம் திட்டி எழுதிய கடிதத்தில் அந்த மனிதர் கண்டுபிடித்த குறை அது ஒன்றுதான். நான் சப்பாத்தியை டப்பா மூடியிலேயே வைத்துவிட்டேன். தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஐந்தரைக்கு சாகேப் தாமதமாக வந்த விமானத்திலிருந்து இறங்கி, என்னுடைய பதினோரு தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டுப் பேசினார். ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பினேன். பிறகு அவினாஷிடம் கொடுக்கச் சொன்னார். சோதனை நின்றது. கோட்டுக்காரர்கள் என்னை முறைத்துக்கொண்டே போனார்கள்.

திங்கட்கிழமை இணைப்பைப் பிரித்தார்கள். நட்டண்ணா தரையில் சாக்கு விரித்து, நாற்பத்தெட்டு போல்ட்டையும் பூதக்கண்ணாடியில் பார்த்து வால் வாரியாகப் பிரித்தார். நீள வால் பத்தொன்பது. அதில் ஐந்தை லேபில் இழுத்தார்கள். ஐந்தும் தோற்றன.

சரி, மீதி இருபத்தொன்பது நல்லது, அதையாவது வைத்துக்கொள்ளலாம் என்றேன். அதற்கும் அந்த மனிதர் விடவில்லை. "ஒரு தரம் முழு முறுக்கு வாங்கின டென் பாயிண்ட் நைன் திரும்ப மாட்டக்கூடாது. அத்தையும் தூக்கிப் போடு." நாற்பத்தெட்டையும் தூக்கிப் போட வைத்தார். நான் பழைய ஆளிடமே போய் நின்று புதிதாக வாங்கினேன்.

அந்த உத்திரம் விழுந்திருக்குமா? டிசைன் பண்ணிக் கொடுத்த கன்சல்டண்டைக் கேட்டேன். "விழுந்திருக்கலாம். பல வருஷம் தாங்கியும் இருக்கலாம். சொல்ல முடியாது" என்றார். இதுவும் ஒரு பதிலா? நாங்கள் உட்கார்ந்ததற்கு ஒரு நன்றி? அதுவும் இல்லை. தாமதமானதற்கு விளக்கம் கேட்டு அந்தக் கம்பெனியிலிருந்து கடிதம்தான் வந்தது. சாகேப் நட்டண்ணாவை இன்ஸ்பெக்‌ஷனுக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். ஒரு சால்வை, ஒரு பூங்கொத்து, கைதட்டல் ஒன்றும் கிடையாது. நான் என் கடிதத்தை வாபஸ் வாங்கி, வருத்தம் தெரிவித்து இன்னொரு கடிதம் எழுதினேன். படித்துப் பார்த்தாரா என்று கேட்டேன். "பாத்தேன். இதுல தப்பு இல்ல" என்றார்.

அதற்கப்புறம் அவர் திருந்தினார் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னும் மோசமானார். கட்கி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நடுவில் நின்று அடியில் எட்டிப் பார்த்துக் கூட்டத்தை நிறுத்தி, போலீஸ்காரரிடம் திட்டு வாங்கினார். நிக்டியில் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், என் கணவர் ஆசையாகச் சுவரில் மாட்டியிருந்த டிவியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, "இப்போ டீக்" என்றார். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, கழுத்தை வளைத்து நியூஸ் பார்த்தோம்.

போன வருஷம் அவருக்கு நாக்பூரில் ஒரு பாலம் கட்டுகிற வேலை கிடைத்தது. சீஃப் இன்ஸ்பெக்டர். ஆயிரக்கணக்கில் போல்ட். அதைச் சொல்லும்போது கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது முகம். சாகேப் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

புனே ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். "நீ எதுக்கு வந்தே? ஆபீஸ் இல்லியா?" என்றார். அவ்வளவு தூரம் லீவு போட்டுப் போனவளிடம் கேட்கிற கேள்வியா அது? நன்றாக நாலு வார்த்தை கேட்டேன். ரயில் நகரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி ஜன்னல் வழியாக ஒரு தரம் ஆட்டினார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஆறு வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

புதிதாக வந்திருக்கும் இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். 'நீங்கள்' என்கிறார். வணக்கம் சொல்கிறார். நான் வாங்கி வைப்பதில் எல்லாம் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுகிறார். அவர் சேர்ந்த முதல் வாரம் முழுவதும் ஆபீசில் எனக்கு ஒரு சண்டைகூட இல்லை. ஒரு வேளைச் சாப்பாடும் சரியாக இறங்கவில்லை.